மேனேஜரை மாற்றினால் மேலே ஏறிவிடலாமா? லீட்ஸ் யுனைடெட்டின் கதை

2004இல் இங்கிலாந்துக் கால்பந்தின் முதல் மட்டமான பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கிய லீட்ஸ் யுனைடெட் கிளப் திரும்பி வர ஏன் 16 வருடம் ஆனது, சட்டை மாற்றுவது போல மேனேஜரை, அதாவது தலைமைப் பயிற்சியாளரை, மாற்றியதுதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, பியெல்சா வந்ததும் மட்டும் எப்படி எல்லாம் சரியானது என்றும்.

எண்ணிக்கையை முதலில் சொல்லிவிடுகிறேன். இடையில் சில ஆட்டங்களுக்குத் தற்காலிகமாக உட்கார்ந்தவர்களை விட்டுவிட்டால், 2004 கோடையிலிருந்து 2018 கோடை வரை அந்த நாற்காலியில் 14 பேர் உட்கார்ந்து எழுந்திருக்கிறார்கள். 15வது ஆள்தான் மார்சலோ பியெல்சா. பார்த்தவுடன் ‘இதுதான் நோய்’ என்று சொல்லத் தோன்றும். எனக்கு அது காய்ச்சலாகத்தான் தெரிகிறது. புண் வேறு இடத்தில் இருந்தது.

அந்தப் புண் தொடங்கியது கிளப் உச்சியில் இருந்தபோது. 2001இல் லீட்ஸ், ஐரோப்பாவின் முன்னணி கிளப்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் அரையிறுதி வரை போனது. டேவிட் ஓ'லியரியின் இளம் அணி, வலென்சியாவிடம்தான் தோற்றது. தலைவர் பீட்டர் ரிட்ஸ்டேல் ஒவ்வொரு வருடமும் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடுவோம் என்ற நம்பிக்கையில், வரப்போகிற டிக்கெட் வசூலை ஈடாகக் காட்டி 6 கோடி பவுண்டு கடன் வாங்கினார். இன்னும் விதைக்காத வயலின் விளைச்சலை அடமானம் வைப்பது மாதிரி. 2001இல் நான்காவது இடம், 2002இல் ஐந்தாவது இடம். இரண்டு முறையும் சாம்பியன்ஸ் லீக் இடம் நழுவியது. 1.8 கோடிக்கு வாங்கிய தடுப்பாளர் ரியோ ஃபெர்டினாண்டை, ஜென்மப் பகையான மான்செஸ்டர் யுனைடெட்டுக்கே ஏறக்குறைய 3 கோடிக்கு விற்க வேண்டி வந்தது. ஓ'லியரி போனார், டெர்ரி வெனபிள்ஸ் வந்து போனார், பீட்டர் ரீட் வந்து போனார், கடைசியில் கிளப்பின் பழைய நாயகன் எட்டி கிரே தலையில் பாரம் விழுந்தது. 2004 மே மாதம் போல்டனிடம் 4-1 தோற்றபோது கதை முடிந்துவிட்டது.

(ரிட்ஸ்டேல் அறையில் வாடகைக்கு வைத்திருந்த தங்கமீன் தொட்டியைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். அதன் வாடகை மாதம் சில பத்துப் பவுண்டுதான். மீனால் யாரும் திவாலாகவில்லை. ஆனால் ஊர் வாயில் நின்றது மீன்தான்.)

அதே 2004இல் எல்லண்ட் ரோடு மைதானத்தையும், தோர்ப் ஆர்ச் பயிற்சி மையத்தையும் விற்றார்கள். அதாவது சொந்த வீட்டை விற்று, அதே வீட்டில் வாடகைக்கு இருப்பது. 2005 ஜனவரியில் செல்சியின் பழைய உரிமையாளர் கென் பேட்ஸ் வந்து பாதிப் பங்கை வாங்கினார். மேனேஜர் கெவின் பிளாக்வெல் கிட்டத்தட்ட ஒரு புது அணியையே திரட்டி, 2006இல் பிளேஆஃப் இறுதி வரை கொண்டுபோனார்.

இங்கிலாந்து முறை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கதை நடந்த காலத்தில் இருந்த முறை இது: இரண்டாம் மட்டமான சாம்பியன்ஷிப்பில் 24 அணிகள், தலா 46 ஆட்டங்கள். முதல் இரண்டு அணிகள் நேராக ஏறும். மூன்று முதல் ஆறு வரை வருபவர்கள் பிளேஆஃப் ஆட வேண்டும்: அரையிறுதி இரண்டு ஆட்டம், பிறகு ஒரே ஒரு இறுதி ஆட்டம். ஒன்பது மாதம் ஓடியதெல்லாம் அந்தத் தொண்ணூறு நிமிடத்தில் வந்து நிற்கும். அதற்குக் கீழே, மூன்றாம் மட்டமான லீக் ஒன்னிலும் இதே ஏற்பாடுதான். லீட்ஸ் இதுவரை ஆறு முறை பிளேஆஃப் ஆடியிருக்கிறது: 1987, 2006, 2008, 2009, 2019, 2024. ஆறிலும் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. வேறு எந்தப் புள்ளிவிவரமும் அந்த ரசிகர்களின் மனநிலையை இவ்வளவு சரியாகச் சொல்லாது. ஜெயிக்கும்போதும் அவர்கள் ஒரு கண்ணால் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம்.

சரி, 2006க்கு வருவோம். கார்டிஃபில் நடந்த இறுதியில் வாட்ஃபோர்டிடம் 3-0 தோல்வி. செப்டம்பரிலேயே பிளாக்வெல்லை அனுப்பிவிட்டார்கள். டென்னிஸ் வைஸ் வந்தார். அந்த சீசன் முடியும்போது கிளப் மூன்றாம் மட்டத்துக்கு இறங்கியது. அதன் வரலாற்றிலேயே அதுதான் முதல் முறை. இறங்குவது ஏறக்குறைய உறுதியானதும், 2007 மே 4 அன்று, கடைசி ஆட்டத்துக்கு முன்னால், கிளப்பை அட்மினிஸ்ட்ரேஷனில் தள்ளினார்கள், அதாவது கடனைத் தீர்க்க வெளி நிர்வாகியிடம் ஒப்படைத்தார்கள். அதற்கான தண்டனை 10 புள்ளி வெட்டு. எப்படியும் போய்விட்ட சீசனில் அது விழட்டும் என்ற கணக்கு. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் கடன்காரர்களோடு முறையான உடன்பாடு இல்லாமலே கிளப் அதிலிருந்து வெளியே வந்ததால், பிரீமியர் லீக்குக்குக் கீழுள்ள மட்டங்களை நடத்தும் ஃபுட்பால் லீக் அடுத்த சீசனுக்கு இன்னொரு 15 புள்ளியை வெட்டியது.

இதன் விளைவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2007-08 சீசனை லீட்ஸ் மைனஸ் 15இல் தொடங்கியது. முதல் ஏழு ஆட்டத்தையும் ஜெயித்தது. ஏழு வெற்றிக்கு 21 புள்ளி, கையில் நின்றது ஆறு. ஜனவரியில் வைஸ் நியூகாஸிலுக்கு வேலை மாறிப் போய்விட, கேரி மெக்காலிஸ்டர் வந்தார். 1992இல் கிளப் கடைசியாக முதல் மட்ட லீக் பட்டம் வென்றபோது நடுக்களத்தில் ஆடியவர். சீசன் முடிவில் லீட்ஸுக்கு 76 புள்ளி, ஐந்தாவது இடம். இரண்டாவதாக வந்து நேராக ஏறிய நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு 82. அந்த 15ஐத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: 91. களத்தில் ஆடியவர்கள் ஏறிவிட்டார்கள், அலுவலக அறையில் இருந்தவர்கள் இறக்கிவிட்டார்கள். வெம்ப்ளியில் நடந்த பிளேஆஃப் இறுதியில் டான்காஸ்டரின் ஜேம்ஸ் ஹேட்டர் தலையால் முட்டிய ஒரே கோலில் தோல்வி. அந்த வருடத்துக்கு எந்த மேனேஜரை நீங்கள் குற்றம் சொல்வீர்கள்?

ஆனால் அடுத்த சீசனில் மெக்காலிஸ்டர் உண்மையாகவே தடுமாறினார். எல்லா மட்ட அணிகளும் ஆடும் எஃப்.ஏ. கோப்பையில் ஹிஸ்டன் என்ற, லீக்கிலேயே இல்லாத ஒரு சின்ன ஊர் அணியிடம் தோற்றது அப்போதுதான். டிசம்பரில் அவரை நீக்கி சைமன் கிரேசனைக் கொண்டுவந்தார்கள். இதை நான் ஒளிக்க விரும்பவில்லை. மேனேஜரை மாற்றியது பலித்த தருணம் இது. கிரேசன் சின்ன வயதில் இதே கிளப்பில் வளர்ந்தவர். 2009இல் பிளேஆஃப் அரையிறுதியில் மில்வாலிடம் தோற்றார். ஆனாலும் வைத்துக்கொண்டார்கள்.

2010 ஜனவரி 3 அன்று, மூன்றாம் மட்டத்தில் இருந்த லீட்ஸ், ஓல்ட் டிராஃபோர்டில் போய் அலெக்ஸ் ஃபெர்குசனின் மான்செஸ்டர் யுனைடெட்டைக் கோப்பையிலிருந்து வெளியேற்றியது. ஜெர்மைன் பெக்ஃபோர்டின் ஒரு கோல். அதற்கப்புறம் கண்பட்ட மாதிரி ஆட்டம் சரிந்தது. கடைசி நாளான மே 8 அன்று, சொந்த மண்ணில் பிரிஸ்டல் ரோவர்ஸை ஜெயித்தால்தான் இரண்டாவது இடம் உறுதி. அரை மணி நேரத்தில் மாக்ஸ் கிராடெலுக்கு ரெட் கார்டு. அவர் வெளியே போக மறுத்து முரண்டு பிடிக்க, சக வீரர்களே இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. இடைவேளைக்குப் பின் ரோவர்ஸ் ஒரு கோல் போட்டது. பத்துப் பேர், ஒரு கோல் பின்னால். லீட்ஸிலேயே பிறந்த ஜானி ஹவ்சன் சமன் செய்தார், சில நிமிடத்தில் பெக்ஃபோர்ட் இரண்டாவதைத் தள்ளினார். 2-1. மூன்று வருடத்துக்குப் பிறகு சாம்பியன்ஷிப்.

அடுத்த வருடம் ஏழாவது இடம். பிளேஆஃப் இடத்துக்கு வெறும் மூன்று புள்ளி குறைவு. ஒரு கிளப் கொஞ்சம் காசை எடுத்து அணியைப் பலப்படுத்த வேண்டிய நேரம் இது. நடந்தது வேறு. காசு கிழக்கு ஸ்டாண்டைப் புதுப்பிக்கப் போனது. பெக்ஃபோர்ட் ஏற்கெனவே எவர்டனுக்குப் போயிருந்தார். பிராட்லி ஜான்சன் நார்விச்சுக்குப் போனார். கிராடெல் பிரான்ஸுக்குப் போனார். 2012 ஜனவரியில் கேப்டன் ஹவ்சனையே நார்விச்சுக்கு விற்றார்கள். பிப்ரவரி முதல் தேதி கிரேசனை வேலையை விட்டு அனுப்பினார்கள். கேப்டனை விற்றுவிட்டு, அணி சரியாக ஆடவில்லை என்று மேனேஜரை நீக்குவதற்கு ஒரு தனி மனது வேண்டும். அதன்பின் ஸ்நாட்கிராஸும் நார்விச்சுக்கு. பெக்கியோவும் நார்விச்சுக்கு. லீட்ஸ் அப்போது நார்விச்சின் நாற்றங்கால் மாதிரி இருந்தது.

பல அணிகளை ஏற்றிவிட்டவர் என்று பெயர் எடுத்த நீல் வார்னாக் வந்தார். அவராலும் முடியவில்லை. ஒரு மேனேஜரின் ஜாதகத்தில் ப்ரமோஷன் இருந்தால் போதாது என்பதற்கு அவரே சாட்சி. 2012 டிசம்பரில் கிளப் பஹ்ரைனின் ஜி.எஃப்.எச். நிறுவனத்தின் கைக்கு மாறியது. பிரையன் மெக்டெர்மாட் மேனேஜர் ஆனார். அப்புறம் மாசிமோ செல்லினோ.

இத்தாலியில் கல்யாரி கிளப்பை இரண்டு பத்தாண்டுக்கு மேல் வைத்திருந்து, 30க்கும் மேற்பட்ட முறை பயிற்சியாளரை மாற்றியவர். அங்கே அவருக்குப் பட்டப்பெயரே ‘பயிற்சியாளர்களைத் தின்பவர்’. 2014 ஜனவரி 31 இரவு, கிளப்பை வாங்கும் வேலை முடிவதற்கு முன்பே, மெக்டெர்மாட் நீக்கப்பட்டதாகத் தொலைபேசியில் ஒரு வக்கீல் மூலம் செய்தி போனது. ரசிகர்கள் எல்லண்ட் ரோடு வாசலில் திரண்டு செல்லினோவை வெளியே விடாமல் மறித்தார்கள். மறுநாள் ஹடர்ஸ்ஃபீல்டோடு ஆட்டம். மேனேஜர் யாரென்றே தெரியாத அணி 5-1 என்று ஜெயித்தது. ராஸ் மெக்கார்மக் மூன்று கோல். வாங்காத கிளப்பில் நீக்க அதிகாரம் இல்லை என்பதால் மெக்டெர்மாட் திரும்பி வந்து சீசனை முடித்துவிட்டுத்தான் போனார். இவ்வளவு வருடம் கால்பந்து பார்க்கிறேன், இப்படி ஒரு இருபத்துநாலு மணி நேரத்தை வேறெங்கும் பார்த்ததில்லை.

செல்லினோ முழுதாகக் கைப்பற்றிய பிறகு வந்தவர்கள்: டேவ் ஹாக்கடே, 70 நாள். அவருக்கு முந்தைய வேலை, லீக்குக்கு வெளியே இருந்த ஃபாரஸ்ட் கிரீன் ரோவர்ஸில். டார்கோ மிலானிச், 32 நாள், ஆறு ஆட்டம், ஒரு வெற்றி கிடையாது. (1974இல் பிரையன் கிளஃப் இதே கிளப்பில் 44 நாள் இருந்ததை ஐம்பது வருடமாகப் பேசுகிறார்கள். மிலானிச்சோடு ஒப்பிட்டால் அவர் பழம் தின்று கொட்டை போட்டவர்.) அடுத்து, இளம் வீரர்களை வளர்க்கும் கிளப்பின் அகாடமியிலிருந்து வந்த நீல் ரெட்ஃபெர்ன். பிறகு ஊவே ரோஸ்லர், ஸ்டீவ் எவன்ஸ், கேரி மங்க். 17 என்ற எண்ணும் ஊதா நிறமும் ஆகாது என்பது செல்லினோவின் நம்பிக்கை.

இதில் ரெட்ஃபெர்ன் காலத்தை மட்டும் பிரித்துப் பார்க்கச் சொல்வேன். அவர் வளர்த்த பையன்கள், லூயிஸ் குக், சாம் பைராம், அலெக்ஸ் மோவட், சார்லி டெய்லர், அணியைக் காப்பாற்றிக் கரை சேர்த்தார்கள். 2015 ஏப்ரலில் அவருடைய உதவியாளரைக் கிளப்பே இடைநீக்கம் செய்தது. அதே மாதம், ஓர் ஆட்டத்துக்கு முந்தைய நாள் செல்லினோ கொண்டுவந்த ஆறு வீரர்கள் ஒருசேரக் காயம் என்று சொல்லி விலகினார்கள். அந்த ஏப்ரலில்தான், வுல்வ்ஸுக்கு எதிராக, ஓர் உள்ளூர்ப் பையனுக்கு ரெட்ஃபெர்ன் முதல் வாய்ப்புக் கொடுத்தார். கால்வின் பிலிப்ஸ். அந்தப் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2017இல் கேரி மங்க் ஏழாவது இடம் வரை வந்தார். பிளேஆஃப் இடத்தில் பல மாதம் உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசி சில வாரங்களில் நழுவவிட்டார். அந்தக் கோடையில் ஆந்திரியா ரத்ரிசானி முழுக் கிளப்பையும் வாங்கினார். வந்த சில வாரத்தில் அவர் செய்த காரியம்தான் என் கணக்கில் இந்தப் பதினாறு வருடத்தின் திருப்புமுனை. எல்லண்ட் ரோட்டைத் திரும்ப வாங்கினார். 13 வருடம் கழித்து வீடு சொந்தமானது. அதன் பிறகும் ஒரே சீசனில் தாமஸ் கிறிஸ்டியான்சன், பால் ஹெக்கிங்பாட்டம் என்று இரண்டு பேர் வந்து போனார்கள், அணி 13வது இடம். ஆனால் பியெல்சாவைப் போன்ற ஒருவரைக் கேட்கும் தைரியமே வாடகை வீட்டில் இருந்தவரை வந்திருக்காது.

2018 ஜூனில் பியெல்சா வந்தார். அர்ஜென்டினா, சிலி நாட்டு அணிகளின் முன்னாள் பயிற்சியாளர். பெப் கார்டியோலா போன்ற பெரிய பயிற்சியாளர்கள் ஆசானாக மதிக்கும் மனிதர். வெதர்பி என்ற சிற்றூரில் ஒரு மிட்டாய்க் கடைக்கு மேலே சின்ன வீட்டில் தங்கிக்கொண்டு, பயிற்சி மையத்துக்கு நடந்தே போவார். ஆட்டத்தின்போது உட்காருவது ஒரு நீல வாளியின் மேல். வந்த புதிதில் வீரர்களை மூன்று மணி நேரம் மைதானத்தைச் சுற்றிக் குப்பை பொறுக்க வைத்தார் என்பார்கள். ஒரு ரசிகன் ஒரு டிக்கெட் வாங்க ஏறக்குறைய அவ்வளவு நேரம் உழைக்க வேண்டும், அது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளட்டும் என்பதற்காக.

அவர் கையில் கிடைத்தது பெரும்பாலும் 13வதாக வந்த அதே அணிதான். பிலிப்ஸைத் தற்காப்புக்கு முன்னால் நிறுத்தி ஆட்டத்தின் அச்சாக்கினார். முந்தைய பருவத்தில் வேண்டாம் என்று ஹாலந்துக்குக் கடன் கொடுத்து அனுப்பப்பட்ட மதேயுஷ் கிலிக், நடுக்களத்தில் விட முடியாத ஆள் ஆனார். உடம்பை வருத்தினார், ஆளுக்கு ஆள் மறிக்கும் முறையைப் பழக்கினார், அந்தக் கால்களிலிருந்தே வேறு ஆட்டத்தை வரவழைத்தார்.

2019 ஜனவரியில் எதிரணியான டார்பியின் பயிற்சியை வேவு பார்க்க ஆள் அனுப்பியது வெளிப்பட்டது. பியெல்சா மழுப்பவில்லை. செய்தியாளர்களைக் கூப்பிட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை போட்டு, எதிரணிகளைப் பற்றித் தான் திரட்டும் அத்தனையையும் காட்டினார். இரண்டு லட்சம் பவுண்டு அபராதத்தைத் தன் கையிலிருந்து கட்டினார். ஏப்ரலில் புனித வெள்ளியன்று, பத்துப் பேராகிவிட்ட விகனிடம் சொந்த மண்ணில் 2-1 தோல்வி. அங்கேதான் சீசன் உடைந்தது. 28ஆம் தேதி ஆஸ்டன் வில்லாவோடு ஆட்டம்: வில்லா வீரர் ஒருவர் அடிபட்டுக் கிடக்கும்போது கிலிக் கோல் போட்டுவிட, களத்தில் கைகலப்பு. பியெல்சா ஓரத்தில் நின்று, அவர்களுக்கு ஒரு கோல் விட்டுக்கொடுங்கள் என்று கத்தினார். லீட்ஸ் வீரர்கள் ஒதுங்கி நின்றார்கள், பொன்டுஸ் யான்சன் ஒருவர் மட்டும் மனசில்லாமல் குறுக்கே போய்ப் பார்த்தார். 1-1. அந்த டிராவோடு ஷெஃபீல்டு யுனைடெட் நேராக மேலே போனது.

பிளேஆஃப் அரையிறுதியில் டார்பியின் மண்ணில் 1-0 வெற்றி. சொந்த மண்ணில் முதல் கோலும் போட்டு மொத்தம் 2-0 முன்னிலை. நம் ஊர் நேரத்துக்கு நடுராத்திரி தாண்டி நடந்த ஆட்டம் அது. இடைவேளை நெருங்கும்போது தூங்கப் போயிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். கோல்கீப்பரும் தடுப்பாளரும் முட்டிக்கொண்டதில் ஒரு கோல், அதன் பிறகு மடை திறந்த மாதிரி. அன்றைய ஆட்டம் 2-4, மொத்தத்தில் 3-4 தோல்வி.

இங்கேதான் உங்கள் கேள்விக்கு என் பதில். இந்தக் கிளப் இந்தக் காலத்தில் மூன்று முறை ஏறியிருக்கிறது: 2010, 2020, 2025. மூன்றும் பிளேஆஃப் இல்லாமல் நேரான ஏற்றம். மூன்றிலும் முந்தைய வருடம் பிளேஆஃபில் தோற்ற அதே மேனேஜர்தான் நாற்காலியில் இருந்தார். கிரேசன், பியெல்சா, பின்னால் வரப்போகும் ஃபார்க்கே. பிளாக்வெல்லுக்கும் மெக்காலிஸ்டருக்கும் தோல்விக்கு அடுத்த முழுச் சீசன் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் ஏறியிருப்பார்களா? மெக்காலிஸ்டர் விஷயத்தில் நான் சந்தேகிக்கிறேன். பிளேஆஃப் வரை அணியைக் கொண்டுபோகிற மேனேஜர் ஏற்கெனவே பாதி வேலையை முடித்துவிட்டவர் என்பதும் இதில் சேரும். ஆனாலும் மூன்றுக்கு மூன்று.

2019-20இல் 93 புள்ளி, இரண்டாவது வந்தவரைவிட 10 அதிகம். நடுவில் கொரோனா வந்து மூன்று மாதம் நிறுத்தியது. 2020 ஜூலை 17 அன்று லீட்ஸ் ஆடக்கூட இல்லை. வெஸ்ட் பிராம் ஹடர்ஸ்ஃபீல்டிடம் தோற்றதும் ஏற்றம் உறுதியானது. காலி மைதானத்துக்கு வெளியே ஊரே கூடியது. பக்கத்து ஊர்ப் பகையாளியான ஹடர்ஸ்ஃபீல்டு, அந்த வெற்றியைத் தந்த தன் மேனேஜரை இரண்டே நாளில் நீக்கியது. மேனேஜர் பிழைப்பு அப்படித்தான்.

முதல் வருடம் பிரீமியர் லீக்கில் ஒன்பதாவது இடம். அடுத்த வருடம் காயங்கள், சின்ன அணி. 2022 பிப்ரவரியில் மட்டும் 20 கோல் வாங்கியதும் பியெல்சாவை அனுப்பினார்கள். அது தவறு என்று நான் சொல்லமாட்டேன். தவறு அதற்கு அடுத்தது. ஜெஸ்ஸி மார்ஷ் கடைசி நாளில் தப்பவைத்தார், அடுத்த பிப்ரவரியில் அவரை நீக்கி ஹாவி கிராசியா, மே மாதம் அவரை நீக்கி நான்கே ஆட்டத்துக்கு சாம் அலர்டைஸ். நான்கு ஆட்டத்தில் ஒரு புள்ளி. மூன்று பேரும் மூன்று விதமாக ஆடச் சொல்பவர்கள். 19வது இடத்தில் இறங்கினார்கள். மேனேஜர் மாற்றமே நோயாக இருந்தது என்று ஒரு வருடத்தைச் சொல்லச் சொன்னால், நான் செல்லினோ காலத்தைச் சொல்லமாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

2023 ஜூலையில் கிளப் முழுவதும் அமெரிக்கன் ஃபுட்பால் அணியான சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸின் முதலீட்டுக் குழுமத்துக்குக் கைமாறியது. மேனேஜராக டேனியல் ஃபார்க்கே. நார்விச்சை இரண்டு முறை சாம்பியன்ஷிப் பட்டத்தோடு ஏற்றியவர். ஆம், அதே நார்விச். முதல் வருடம் 90 புள்ளி எடுத்தும் மூன்றாவது இடம். வெம்ப்ளியில் சவுத்தாம்ப்டனிடம் 1-0 தோல்வி. அந்தக் கோடையில் ஆர்ச்சி கிரே, சம்மர்வில், ருட்டர் மூவரையும் விற்றார்கள். ஆர்ச்சி, மேலே சொன்ன எட்டி கிரேயின் தம்பி பேரன். ஃபார்க்கேவை மட்டும் விற்கவும் இல்லை, விரட்டவும் இல்லை.

2025 ஏப்ரல் 21 அன்று ஸ்டோக்கை 6-0 என்று வீழ்த்தினார்கள். நான்கு கோலை ஜோயல் பிரோ முதல் பாதியிலேயே போட்டுவிட்டார். சில மணி நேரத்தில் பர்ன்லி ஷெஃபீல்டு யுனைடெட்டை ஜெயிக்க, லீட்ஸும் பர்ன்லியும் சேர்ந்தே ஏறின. இரண்டும் சீசனை முடித்தது சரியாக 100 புள்ளியில். கடைசி நாள் பிளிமத்தில் 1-1 என்று நின்ற ஆட்டத்தில், தொண்ணூறு நிமிடம் முடிந்த பிறகு மனோர் சாலமன் ஒன்றைத் தள்ள, கோல் வித்தியாசத்தில் பட்டம் லீட்ஸுக்கு வந்தது. அப்போதும், ஏறிய அணியை மேலே தக்கவைக்க ஃபார்க்கே சரிப்படுவாரா, இப்போதே வேறு ஆளைப் பார்க்கலாமா என்று கிளப்பைச் சுற்றிப் பேச்சு ஓடிக்கொண்டுதான் இருந்தது.